கபச்சுரப்பியும் இனப்பெருக்க உறுப்புகளும்: மெல்பேண், சிட்னி ஆய்வு வரலாற்றில் ஆணையும் மறுமொழியும் (1962–1994)

மூளையின் அடித்தளத்தில், ஆப்புரு என்பின் குழிவில், பட்டாணி அளவில் அமைந்துள்ள ஒரு சுரப்பி மனித இனப்பெருக்கத்தை எவ்வாறு நெறிப்படுத்துகின்றது என்ற வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு விடை கண்டது. அவ்விடையின் முக்கியமான ஒரு பகுதி அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் எழுதப்பட்டது. அச்சுரப்பியைப் பயன்படுத்தியதால் விளைந்த பெருந்துயரம் ஒன்றும் அதே நகரின் ஆய்வுகூடம் ஒன்றோடு தொடர்புடையது. இவ்விரு வரலாறுகளும் பெரும்பாலும் தனித்தனியே எழுதப்பட்டு வந்துள்ளன. முன்னது அறிவியல் வெற்றியாகவும் பின்னது நிருவாகத் தவறாகவும் கொள்ளப்பட்டன. இரண்டையும் ஒருசேர நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். சுரப்பியின் இயக்கத்தில் மறுமொழியின் இன்றியமையாமையை நிறுவிய அதே காலத்தில், அச்சுரப்பியை மருந்தாக்கிய திட்டத்தில் நோயாளியின் மறுமொழிக்கு இடமளிக்கப்படவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. இக்கருத்துக்குத் தமிழ்ச் சொல்லாக்க வரலாற்றோடுள்ள தொடர்பு இறுதியில் சுட்டப்படும்.

1. பெயரின் வரலாறு

தமிழ்நாட்டில் 'பிட்யூட்டரி' என ஒலிபெயர்த்து வழங்கப்படும் இச்சுரப்பி இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'கபச்சுரப்பி' எனப்படுகின்றது. ஹார்மோன் என்பது அங்கு 'ஓமோன்' ஆகும். கபச்சுரப்பி என்பது இலத்தீன் பெயரின் நேர்மொழிபெயர்ப்பு. 'பிட்டூயிட்டா' என்னும் இலத்தீன் சொல் கபத்தைக் குறிக்கும். மூளையில் உண்டாகும் கபம் இச்சுரப்பியின் வழியாக மூக்கினுள் வடிகின்றது என்பது கிரேக்க மருத்துவர் கலேன் வழிவந்த கொள்கை. 1543ஆம் ஆண்டில் தம் உடற்கூற்று நூலை வெளியிட்ட வெசாலியசும் மூளையின் கபத்தை ஏற்கும் சுரப்பி என்றே இதற்குப் பெயரிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஷ்னைடரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோவரும் மூளைக்கும் மூக்குக்கும் இடையே அத்தகைய வடிகால் இல்லையென நிறுவினர். கொள்கை வீழ்ந்தபின்னும் பெயர் நிலைத்தது.

வாதம், பித்தம், கபம் என்னும் முப்பிணி மரபை அறிந்த தமிழருக்கு இச்சொல் அயன்மையாகத் தோன்றவில்லை. ஆயினும் தமிழ் மருத்துவ மரபின் கபமும் கிரேக்க மரபின் கபமும் ஒன்றல்ல. முன்னது மூன்றனுள் ஒன்று, பின்னது நான்கனுள் ஒன்று. ஓர் ஐரோப்பியப் பிழை, தமிழ் மரபின் சொல்லொன்றை ஏற்று, அறிவியல் தமிழில் தொடர்ந்து வாழ்கின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மேலைமருத்துவம் கற்பித்து, 'மனுஷவங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்களை வெளியிட்ட காலந்தொட்டு, கலைச்சொல்லை மொழிபெயர்ப்பதா ஒலிபெயர்ப்பதா என்ற வினா ஈழத்துத் தமிழறிவுலகில் உயிர்ப்போடு இருந்து வருகின்றது. கபச்சுரப்பி அவ்வினாவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

2. ஆணைக் கொள்கையும் அதன் திருத்தமும்

1905இல் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் ஓமோன் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். 1910இல் ஹார்வி குஷிங்கும் அவருடன் பணியாற்றியோரும் நாய்களில் கபச்சுரப்பியின் பகுதியை அகற்றியபோது இனப்பெருக்க உறுப்புகள் சுருங்குவதைக் கண்டனர். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிலிப் சிமித்தும் பேர்லினில் சொண்டெக், அஷ்ஹைம் ஆகியோரும் இளம் விலங்குகளுக்குக் கபச்சுரப்பித் திசுவை வழங்கி, அவற்றின் சூலகங்கள் காலத்துக்கு முன்னரே முதிர்வதை விளக்கினர். இதனால் கபச்சுரப்பி 'தலைமைச் சுரப்பி' எனப் போற்றப்பட்டது. மேலிருந்து ஆணை பிறக்கும், கீழுள்ள உறுப்பு பணியும் என்ற படிமம் பாடநூல்களில் இடம்பெற்றது.

இப்படிமம் இரு திசைகளிலிருந்து திருத்தப்பட்டது. கபச்சுரப்பியும் பிறிதொன்றின் ஆணைக்கு உட்பட்டது என்பது முதலாவது திருத்தம். மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி நுண்குருதிக் கலன்களின் வழியாக அதனைத் தூண்டுகின்றது என்பதை ஜெப்ரி ஹாரிஸ் தம் 1955ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தினார். அத்தூண்டற்பொருளின் வேதியியல் அமைப்பு 1971இல் ஷாலி, கீய்மன் ஆகியோரின் குழுக்களால் வெளிப்பட்டது. இருவரும் 1977இல் நோபல் பரிசு பெற்றனர். கீழுள்ள உறுப்புகள் பணிவதோடு நில்லாது மறுமொழியும் அனுப்புகின்றன என்பது இரண்டாவது திருத்தம். 1932இல் சிக்காகோவில் மூர், பிரைஸ் ஆகியோர், சூலகமும் விதையும் சுரக்கும் ஓமோன்கள் கபச்சுரப்பியை அடக்குகின்றன என்றனர். அதே ஆண்டில் மக்கலா என்பவர், காளையின் விதையிலிருந்து பெற்ற நீரில் கரையும் சாறு ஒன்றும் அவ்வாறே அடக்குகின்றது எனக் கூறி அதற்கு 'இன்ஹிபின்' எனப் பெயரிட்டார்.

இன்று அறியப்படும் ஒழுங்கு பின்வருமாறு. ஹைப்போதலமஸ் சீரான இடைவெளிகளில் துடிப்புத் துடிப்பாகத் தன் தூண்டற்பொருளை வெளியிடுகின்றது. கபச்சுரப்பியின் முன்மடல் இரு ஓமோன்களைச் சுரக்கின்றது. ஒன்று, சூல் முதிரும் நுண்பைகளை வளர்க்கும் புடைப்புத் தூண்டும் ஓமோன். மற்றையது லூட்டினாக்கும் ஓமோன். ஆண்களில் முன்னது விந்தாக்கத்துக்கும் பின்னது டெஸ்டோஸ்டிரோன் சுரப்புக்கும் துணைசெய்கின்றது. பெண்களில் வளரும் புடைப்பு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து முதலில் கபச்சுரப்பியை அடக்குகின்றது. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த அளவில் சில நாட்கள் நிலைத்தவுடன் விளைவு தலைகீழாகிறது: லூட்டினாக்கும் ஓமோன் பெருக்கெடுத்துச் சூல் வெளியேறுகின்றது. பின்னர் மஞ்சட்சடலம் புரோஜெஸ்தரோனைச் சுரக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களில் சூலகத்தின் மறுமொழி இல்லாதுபோவதால் கபச்சுரப்பியின் ஓமோன்கள் குருதியில் உயர்ந்து சிறுநீரிலும் மிகுதியாகக் காணப்படும். இக்கடைசிச் செய்தி பின்னர் முக்கியத்துவம் பெறும்.

3. மெல்பேணில் அளவிடலின் தொடக்கம்

1962இல் நியூசிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஜேம்ஸ் பிறவுன் மெல்பேண் றோயல் விமன்ஸ் வைத்தியசாலையில் பணியேற்றார். எடின்பரோவில் பணியாற்றிய காலத்தில், 1955இல், சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் அளவைத் துல்லியமாகக் கண்டறியும் முறையொன்றை அவர் வெளியிட்டிருந்தார். அம்முறை மெல்பேணில் ஒரு நடைமுறைத் தேவையைச் சந்தித்தது. மனிதக் கபச்சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஓமோனைக் கொண்டு சூல் வெளியேற்றத்தைத் தூண்டலாம் என்பதைச் சுவீடனின் கார்ல் கெம்செல் 1958இல் காட்டியிருந்தார். ஆனால் அளவு சிறிது குறைந்தால் சூலகம் அசையாது. சிறிது மிகுந்தால் சூலகம் ஆபத்தான அளவுக்கு வீங்கும், அல்லது ஒரே சூலில் பல குழந்தைகள் உருவாகும்.

நோயாளியின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, சூலகம் எவ்வளவு ஈஸ்ட்ரோஜனால் மறுமொழி தருகின்றது என்பதை அறிந்து, அதற்கேற்ப மருந்தின் அளவைச் சிறு படிகளாக உயர்த்தும் முறையைப் பிறவுன் வகுத்தார். ஒவ்வொரு பெண்ணின் சூலகத்துக்கும் தனித்த வாசல் அளவு ஒன்று உண்டு என்றும், அதனைக் கடந்த சிறு மிகையே கேடு விளைவிக்கும் என்றும் 1978இல் விரிவாக எழுதினார். மருத்துவர் வகுத்த அளவு எதுவாயினும், அது சரியா என்பதைச் சூலகமே சொல்ல வேண்டும் என்பது இம்முறையின் உட்கருத்து. இவ்வகையில் மறுமொழிக் கொள்கை ஆய்வுகூடத்தைக் கடந்து மருத்துவ நடைமுறையாயிற்று.

அதே நகரில் பிரின்ஸ் ஹென்றி வைத்தியசாலையின் ஆய்வாளர் இயன் கிளார்க்கும் ஜேம்ஸ் கமின்சும் 1982இல் மற்றோர் இணைப்பை நேரடியாகக் காட்டினர். விழித்திருக்கும் செம்மறியாட்டின் ஹைப்போதலமசுக்கும் கபச்சுரப்பிக்கும் இடைப்பட்ட குருதியை அவர்கள் சேகரித்தனர். மூளையிலிருந்து எழும் ஒவ்வொரு துடிப்பையும் தொடர்ந்து கபச்சுரப்பியிலிருந்து லூட்டினாக்கும் ஓமோனின் துடிப்பு எழுவதை அக்குருதி உணர்த்தியது. சுரப்பியை அடைய அவர்கள் கொண்ட அறுவைப் பாதை மூக்கின் வழியானது. கபம் வடிவதாகப் பண்டையோர் கருதிய திசையே, எதிர்நோக்கில், சுரப்பியை அறியும் வழியாயிற்று.

4. இன்ஹிபின்: கொழும்பிலிருந்து மெல்பேண் வரை

1932இல் பெயரிடப்பட்ட இன்ஹிபின் அரை நூற்றாண்டு காலம் பெயராகவே இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் கொழுப்புவழிச் சேர்மங்கள். அவற்றின் அமைப்பு முன்னரே தெளிவாயிற்று. நீரில் கரையும் புரதமாகிய இன்ஹிபின் அவ்வாறு அகப்படவில்லை. அப்படியொரு பொருள் உண்டா என்ற ஐயமும் நிலவியது.

இத்தேடலில் முன்னின்றவர்களுள் டேவிட் டி கிறெற்சர் இலங்கை வாசகரின் கவனத்துக்குரியவர். 1939இல் கொழும்பில் பறங்கியர் குடும்பத்தில் பிறந்த அவர் 1949இல் குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மெல்பேண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, மொனாஷ் பல்கலைக்கழகத்தில் விதையின் நுண்ணமைப்பை ஆராய்ந்தார். பிற்காலத்தில், 2006 முதல் 2011 வரை, விக்டோரியா மாநிலத்தின் ஆளுநராகவும் பதவி வகித்தார். விந்தாக்கம் சிதைந்த ஆண்களில், டெஸ்டோஸ்டிரோன் வழமையான அளவில் இருந்தும், புடைப்புத் தூண்டும் ஓமோன் உயர்வதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். அவ்வோமோனைத் தனியே அடக்கும் வேறொரு செய்தி விதையிலிருந்து செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். மலட்டுத்தன்மை நாடி வந்த நோயாளிகளின் குருதியே பழைய கருதுகோளுக்கு உயிர் கொடுத்தது.

டேவிட் றொபேட்சன், ஹென்றி பர்கர், டி கிறெற்சர் ஆகியோரைக் கொண்ட மெல்பேண் குழு 1985இல் இன்ஹிபினைத் தூயநிலையில் பிரித்தெடுத்ததாக அறிவித்தது. விதையிலன்றிப் பசுவின் சூலகப் புடைப்புகளிலுள்ள பாய்மத்திலிருந்தே அது பெறப்பட்டது. ஒரே பொருள் இருபாலாரிலும் அதே பணியைச் செய்கின்றது. இரு துணையலகுகள் இணைந்த அப்புரதத்தின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 58,000 எனக் கணிக்கப்பட்டது. 1986இல் சிட்னியின் றோஸ்வில் பகுதியிலிருந்த பயோடெக்னாலஜி ஆஸ்திரேலியா நிறுவனத்தினர், மெல்பேண் ஆய்வாளருடன் இணைந்து, அத்துணையலகுகளுக்குரிய மரபணுக்குறியை வெளியிட்டனர். அமெரிக்க, யப்பானிய ஆய்வாளரும் அதே காலத்தில் பன்றியிலிருந்து இதனைப் பெற்றனர். சூலகத்தின் சிறுமணி உயிரணுக்களில் தோன்றும் புற்றினை அறியும் குருதிச் சோதனையாக இன்ஹிபின் இன்று பயன்படுகின்றது.

இன்ஹிபினின் வருகையால் 'தலைமைச் சுரப்பி' என்ற படிமம் பொருளிழந்தது. ஆணையிடுவது போலத் தோன்றும் உறுப்பு, கீழிருந்து வரும் மறுமொழியைக் கேட்டே ஒவ்வொரு கணமும் தன் ஆணையைத் திருத்திக்கொள்கின்றது. மறுமொழி அறுபடின் ஒழுங்கும் அறுபடும்.

5. பிரேத அறையிலிருந்து சிகிச்சைக்கூடத்திற்கு

இவ்வெற்றிகளுக்கு இணையாக வேறொரு வரலாறும் நிகழ்ந்துகொண்டிருந்தது. கபச்சுரப்பி ஓமோன்கள் இனத்துக்கு இனம் வேறுபடுபவை. குறிப்பாக விலங்கின் வளர்ச்சி ஓமோன் மனிதரில் பயன் தராது. எனவே இறந்த மனிதரின் சுரப்பிகளே மருந்துக்கு மூலமாயின. 1967இல் அவுஸ்திரேலிய மத்திய அரசு மனிதக் கபச்சுரப்பி ஓமோன் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கிலுமுள்ள வைத்தியசாலைகளின் பிரேத அறைகளில் சுரப்பிகள் எடுக்கப்பட்டு, மெல்பேணின் பார்க்வில் பகுதியிலிருந்த அரசுடைமை நிறுவனமான கொமன்வெல்த் சீரம் லபோரட்டரீசுக்கு அனுப்பப்பட்டன. அங்கு பெருந்தொகையான சுரப்பிகள் ஒன்றாகக் கலக்கப்பட்டு, வளர்ச்சி குன்றிய சிறாருக்கு வளர்ச்சி ஓமோனும், சூல் வெளியேறாத பெண்களுக்குச் சூலகந்தூண்டும் ஓமோனும் பிரித்தெடுக்கப்பட்டன. வல்லுநர் குழுவொன்று திட்டத்தை மேற்பார்வை செய்தது. 1985 வரை 2,000க்கும் மேற்பட்டோர் இம்மருந்தைப் பெற்றனர். அவர்களுள் பெரும்பான்மையினர் குழந்தைப்பேறு வேண்டிய பெண்கள். பலர் தாய்மை அடைந்தனர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

ஒரு சுரப்பியில் நோய்க்காரணி இருப்பினும் கலவை முழுவதும் மாசுறும் என்பதே இம்முறையின் பலவீனம். அந்நோய்க்காரணியின் வகை அவுஸ்திரேலியாவுக்குப் புதியதன்று. அதன் ஆட்சியிலிருந்த பப்புவா நியூகினியில் போறே மக்களிடையே பரவிய 'குறு' நோயை 1957இல் சிகாசும் கஜ்டுசெக்கும் விவரித்தனர். அந்நோய் மனிதக்குரங்குகளுக்குத் தொற்றக்கூடியது என்பது 1966இலும், அதனையொத்த குரொய்ட்ஸ்பெல்ட்–யாக்கோப் மூளைச்சிதைவு நோயும் அவ்வாறே தொற்றும் என்பது 1968இலும் வெளியாயின. 1974இல் கண்ணின் கருவிழி மாற்றத்தால் ஒருவருக்கு அந்நோய் தொற்றியதாக அறிக்கை வந்தது. நோய்க்காரணி உடலில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், வெளிப்பட்டபின் மருந்தில்லை. மூளையை ஒட்டியமைந்த சுரப்பியிலிருந்து மருந்தெடுக்கும் திட்டம், இவ்வளவும் வெளியான பின்னரும், 1985 வரை நீடித்தது.

மாற்று மருந்தும் இல்லாமற் போகவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் இதே ஓமோன்கள் மிகுதியாக உள்ளன என மேலே கூறப்பட்டது. இத்தாலியில் தொனினி அதனைத் தூய்மைப்படுத்தினார். அதனைக் கொண்டு இஸ்ரேலில் லூனன்பெல்ட் அளித்த சிகிச்சை 1960களின் தொடக்கத்திலேயே பயன் தந்தது. சூலகத்தின் மறுமொழி ஓய்ந்த உடலின் இயல்பிலிருந்தே பிரேத அறையைச் சாராத மருந்து கிடைத்தது.

1985இல் அமெரிக்காவில் வளர்ச்சி ஓமோன் பெற்ற இளைஞர் சிலர் இந்நோயால் இறந்தமை வெளிவந்ததும் அவுஸ்திரேலியத் திட்டம் நிறுத்தப்பட்டது. 1988இல், சூலகந்தூண்டும் ஓமோன் பெற்றிருந்த அடிலெய்டுப் பெண்ணொருவர் இந்நோயால் இறந்தார். அம்மருந்து பெற்ற நான்கு பெண்களும் வளர்ச்சி ஓமோன் பெற்ற ஒருவரும் இவ்வாறு இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. எஞ்சியோர் தமக்கும் அது நேருமோ என்ற அச்சத்தோடு வாழ வேண்டியவராயினர். இரத்ததானம் செய்வதிலிருந்தும் அவர்கள் விலக்கப்பட்டனர்.

6. அலர்ஸ் விசாரணை

1993இல் மத்திய அரசு சிட்னிப் பல்கலைக்கழகச் சட்ட அறிஞர் மாகிறெற் அலர்ஸ் தலைமையில் விசாரணையொன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1994இல் வெளிவந்தது. மருந்து மனிதப் பிரேதத்திலிருந்து பெறப்பட்டது என்பதையோ அதன் ஆபத்துகளையோ பல பெண்கள் அறிந்திருக்கவில்லை. குழுவின் அங்கீகாரத்துக்குப் புறம்பாகவும் சிலருக்கு மருந்து வழங்கப்பட்டிருந்தது. சுரப்பி எடுக்கப்பட்டோரின் உறவினர் பலரிடம் இசைவு கேட்கப்படவில்லை. 1997இல் செனற் சபையின் குழுவொன்றும் இழப்பீட்டு ஏற்பாடுகளை ஆராய்ந்தது. இதற்கிடையே 1993இல் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் இந்நோய்க்கான தேசியப் பதிவகம் நிறுவப்பட்டது.

இவ்விடத்தில் இரு வரலாறுகளும் சந்திக்கின்றன. பிறவுனின் முறையில் நோயாளியின் சூலகம் நாள்தோறும் வினவப்பட்டது. அதன் விடைக்கேற்ப மருந்து மாற்றப்பட்டது. ஆனால் அச்சூலகத்துக்கு உரிய பெண் வினவப்படவில்லை. அவரது சிறுநீர் மறுமொழியாகக் கொள்ளப்பட்டது. அவரது சொல் கொள்ளப்படவில்லை. சிகிச்சை முடிந்தபின் அவரைத் தொடர்ந்து கவனிக்கும் ஒழுங்கும் திட்டத்தில் இருக்கவில்லை. ஆதலால் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்ட கேடு திட்டத்தைத் திருத்தும் செய்தியாக உரிய காலத்தில் வந்தடையவில்லை. ஆய்வாளரிடம் நல்லெண்ணம் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மறுமொழி இல்லாத அமைப்பில் நல்லெண்ணம் மட்டும் காவலாகாது என்பதே இதன் பாடம்.

7. தமிழ்ச் சொல்லாக்கத்திற்கு இதன் பொருத்தம்

1983க்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருமளவில் சிட்னியிலும் மெல்பேணிலும் குடியேறினர். தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை அவுஸ்திரேலியாவில் 1973 முதல் இயங்கி வருகின்றது. ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்குச் சொல் வேண்டும். அச்சொல் கேட்பவருக்கு விளங்கவும் வேண்டும். கருவளச் சிகிச்சைக்கு முன் ஒரு பெண் கையொப்பமிடும் படிவத்தில், மருந்து எதிலிருந்து பெறப்பட்டது, அது எச்சுரப்பியைத் தூண்டும், அளவு மிகின் என்னாகும் என்பன அவருக்கு விளங்கும் மொழியில் இல்லையெனின், அக்கையொப்பம் இசைவாகாது.

கபச்சுரப்பியா, பிட்யூட்டரியா என்ற விவாதத்தை இவ்வொளியில் நோக்குதல் தகும். 'கபச்சுரப்பி' தமிழ்ச்சொல்லாயினும் கேட்பவரைச் சளியின்பால் திசைதிருப்பும். 'பிட்யூட்டரி' எதனையும் உணர்த்தாது. ஆயினும் மருத்துவர் வாயில் கேட்கும் ஒலியோடு பொருந்தும். 'எதிர்ப் பின்னூட்டல்' என்ற பாடநூற் சொல் மாணவருக்கு உதவும். சிகிச்சைக்கூடத்தில் 'சூலகம் திருப்பி அனுப்பும் செய்தி' என்பதே விளங்கும். ஒரே கருத்துக்குப் பாடநூலில் ஒரு சொல்லும் நோயாளிக்கு விளக்கும்போது ஒரு சொற்றொடரும் இருப்பது குறையன்று. கலைச்சொல் அகராதிகள் இதுவரை ஆசிரியரையும் மாணவரையும் முன்வைத்தே தொகுக்கப்பட்டன. நோயாளியை முன்வைத்த தொகுப்பு இனிச் செய்யப்பட வேண்டிய பணி.

முடிவுரை

1962 முதல் 1994 வரையான மெல்பேண், சிட்னி ஆய்வு வரலாறு, கபச்சுரப்பி தனியாட்சி செலுத்தும் தலைமைச் சுரப்பியன்று என்பதை நிறுவுவதற்குப் பெரும்பங்காற்றியது. கொழும்பில் பிறந்த ஓர் ஆய்வாளரும் அப்பணியில் முன்னின்றார். அதே காலப்பகுதியில், அச்சுரப்பியின் ஓமோனை ஏற்ற பெண்களின் குரல் கேட்கப்படாமையால் உயிர்கள் இழக்கப்பட்டன. சூலகம் கபச்சுரப்பிக்கு மறுமொழி கூறுவதுபோல நோயாளி மருத்துவருக்கு மறுமொழி கூறுவதற்கு அறிவும் உரிமையும் வேண்டும். அவற்றோடு அவருக்கு விளங்கும் சொல்லும் வேண்டும். முன்னைய இரண்டையும் வழங்குதல் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் உரிய கடன். மூன்றாவது தமிழியல் ஆய்வாளரின் கடன்.